கோரம்

பிப்ரவரி. டகோட்டாச் சமவெளி. மைனஸ் இருபத்திரண்டு.
ஜன்னலுக்கு வெளியே பனி வழிக்கும் வண்டி
சொன்னதையே சொல்லிக்கொண்டு போய்வருகிறது.

ஆசிரியர் பேரவையில் இருக்கை நாற்பத்தொன்று.
கோரத்துக்கு இருபத்தொரு தலை வேண்டும்.
குறிப்பெழுதுவது நான், நூலகத்துக்காரி.
தலை எண்ணுவது என் வேலையென்று
விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை.
ஆனாலும் எண்ணிவிடுவேன்,
படியேறினால் படியை எண்ணும் பழக்கம்.

மூன்று மணிக்கு இருபத்திரண்டு பேர்.

மண்ணியல் ஆர்லீன் ஸ்கார் தீர்மானம் வாசிக்கிறாள்.
சம்பளத்தில் ஏற்றியது ஒன்றரை சதவீதம்,
காப்பீட்டில் பிடித்தது அதைவிட அதிகம்.
ஏறியும் இறங்கிய சம்பளத்தை
எந்த வகுப்பில் சொல்லிக்கொடுப்பது?
நான்கு துறைகளை மூடுவதற்கு முன்
எங்களைக் கேட்டார்களாம்.
கேட்டார்கள்தான்.
ஜூலையில்,
எங்களுக்குச் சம்பளமே இல்லாத மாதத்தில்,
ஒரு மின்னஞ்சலின் மூன்றாவது இணைப்பில்.

நிர்வாகத்திலிருந்து வந்த பிராக்வே
நல்ல மனிதர், எல்லோருக்கும் காப்பி ஊற்றுவார்.
"ஆட்சியைப் பகிர்ந்துகொள்கிறோம்" என்கிறார்,
பத்து நிமிடத்தில் நான்கு முறை.
அப்பத்தைப் பிட்ட குரங்கும்
பகிர்ந்துதான் கொடுத்தது.

கணக்கியல் ஹால்வர்சனுக்கு ஒரு போன் வருகிறது.
போன் ஒலிக்கவில்லை. ஆனாலும் வருகிறது.
கோட்டையும் எடுத்துக்கொண்டு பேசப் போகிறார்.
இருபத்தொன்று.

வேதியியல் மரிபெல் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.
காப்பகம் நாலரைக்கு மூடும்,
அப்புறம் நிமிடத்துக்கு ஒரு டாலர்.
ஆர்லீனின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு
காலணி ஓசையில்லாமல் போகிறாள்.
அவளைக் குறைசொல்ல என்னால் முடியாது.
இருபது.

கடைசி வரிசையில் வெண்டல் ப்ரூவர் இருக்கிறார்.
நாலு வகுப்பு எடுக்கிறார், இரண்டு ஊரில்.
வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி. ஓட்டு இல்லை.
செவ்வாய்க்கிழமைகளில் பிளாஸ்மா விற்கிறார்.
இன்று செவ்வாய்.
மடித்த சட்டைக்கைக்குக் கீழே பஞ்சு, ஒட்டுத்துணி.
பேரவையின் கணக்கில்
அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி காலி.

விதி எனக்கு மனப்பாடம்.
கோரம் இல்லையென்று உறுப்பினர் ஒருவர்
எழுந்து சொல்லாதவரை
கோரம் உண்டு.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
இருபது பேரும் மேசையின் மரவரிகளைப்
படித்துக்கொண்டிருந்தோம்.
பிராக்வேயின் பேனா நுனி காற்றில்
தலை தலையாகத் தொட்டுப்போவதைப் பார்த்தேன்.
அவர் எண்ணலாம். சொல்ல முடியாது.
அவர் உறுப்பினர் இல்லை.

அப்போது டாலெஃப்சன் எழுந்தார்.

வரலாற்றுத்துறை. முப்பத்தொரு வருடம்.
ஒரு காற்புள்ளிக்காக ஒரு தீர்மானத்தையே
அடுத்த செமஸ்டருக்குத் தள்ளியவர்.
ஆர்லீனோடு பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
கோரம் என்று அவர் வாய்திறந்தால் போதும்,
எல்லோரும் கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.
அவருக்கும் அது தெரியும்.
எண்ணாமல் எழுகிற ஆளா அவர்?

மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்,
ஹால்வர்சன் திறந்தே விட்டுப்போன கதவுவரை.
சாத்தினார்.
திரும்பி வந்து உட்கார்ந்தார்.
"குளிர்காற்று" என்றார், யாரிடமும் இல்லாமல்.

குரல் வாக்கெடுப்பு.
"ஆம்" என்றபோது
கடைசி வரிசையிலிருந்தும் ஒன்று கேட்டது.
குரலுக்கு முகம் எழுதும் பழக்கம்
குறிப்பேட்டில் இல்லை.
டாலெஃப்சன் "இல்லை" என்றார், தெளிவாக, தனியாக.
தீர்மானம் நிறைவேறியது.

"வந்திருந்தோர்" என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனா நின்றது.
இருபத்திரண்டு, பிற்பகல் மூன்று மணி,
என்று எழுதினேன்.
பொய் இல்லை.
மெய்யென்று சத்தியம் செய்யச் சொன்னால்
கொஞ்சம் தண்ணீர் கேட்பேன்.

பத்தொன்பதாம் நாள் தலைவரின் பதில் வந்தது.
நல்ல கனமான தாள், நடுவில் ஒரே சொல்:
பெறப்பட்டது.
கோப்பில் சேர்க்கத் துளையிட்டேன்.
தாளை எப்படிப் பிடித்தேனோ,
துளை அந்தச் சொல்லில் விழுந்துவிட்டது.

இன்னொரு பிரதி கேட்கவில்லை.
அடுத்த கூட்டம் மார்ச்சில். அதுவும் ஒரு செவ்வாய்.